நபிமார்களின் தொழிலும் நம் பிள்ளைகளின் படிப்பும்

(பாளையம்பட்டியில் நிகழ்த்தப்பட்ட ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

 



படிக்காத பிள்ளையைப் பார்த்து நம் வீடுகளில் பெரியவர்கள் சொல்லும் ஒரு சொல் உண்டு. "நீ ஆடு மேய்க்கத்தான் லாயக்கு" என்பார்கள். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் சொல்கிறார், கடையில் முதலாளி சொல்கிறார், தாய் சொல்கிறாள். உண்மையை மறைக்காமல் கூறுகிறேன், பாடம் ஒப்புவிக்காத பிள்ளைகளிடம் மக்தபில் நானும் இச்சொல்லைச் சொல்லியிருக்கிறேன். அல்லாஹ் என்னை மன்னிப்பானாக! அந்தச் சொல்லின் பாரம் எத்தகையது என்பதை எனக்கு உணர்த்திய ஒரு நிகழ்ச்சியே இன்றைய உரைக்குக் காரணம்.

நம் பகுதியைச் சேர்ந்த தந்தை ஒருவர் அஸர் தொழுகைக்குப் பின் என்னிடம் வந்தார். அவருடைய மகன் கால்நடை மருத்துவம் படித்து முடித்து, மேற்படிப்பில் செம்மறியாடுகளின் மேய்ச்சலைப் பற்றி ஆய்வு செய்கிறான். "ஹஜ்ரத், கிடை போட்டிருக்கும் காட்டிலேயே போய்ப் படுத்துக்கொள்கிறான். பகலெல்லாம் ஆட்டுக்குப் பின்னால் நடக்கிறான். புழுக்கையைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு வருகிறான். ஆடு மேய்க்கவா இவ்வளவு செலவு செய்து படிக்க வைத்தேன்? சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள். இந்தப் படிப்பை விட்டுவிடும்படி நீங்கள்தான் அவனுக்குச் சொல்ல வேண்டும்" என்றார். அவருடைய குரலில் கோபத்தைவிட வெட்கமே மிகுந்திருந்தது.

அந்தத் தந்தைக்கு நான் கூறிய பதிலையே உங்கள் முன்பும் வைக்கிறேன்.

ஆடு மேய்த்த நபிமார்கள்

ஆடு மேய்க்காத எந்த நபியையும் அல்லாஹ் அனுப்பியதில்லை என்று அண்ணலார் (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். "தாங்களுமா?" என்று தோழர்கள் வியந்து கேட்டபோது, ஆம் என்றும், மக்காவாசிகளின் ஆடுகளைச் சில கீராத்துகளைக் கூலியாகப் பெற்று மேய்த்ததாகவும் கூறினார்கள். ஸஹீஹுல் புகாரியில் பதிவான செய்தி இது. உலகத்தாருக்கே அருட்கொடையாக வந்தவர்கள், தாம் கூலிக்கு ஆடு மேய்த்ததை மறைக்கவில்லை; வெட்கப்படவுமில்லை. அவ்வாறிருக்க, அவர்களின் உம்மத்தாகிய நாம் அதே தொழிலை வசைச்சொல்லாக்கி விட்டோம்!

மார்க்க மேதைகள் இதற்கு அழகான விளக்கம் தருவார்கள். ஆடு பலவீனமான பிராணி. ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் ஓடும். அவற்றை ஒன்றுசேர்த்து, நொண்டியாடு பின்தங்காமல், குட்டி ஓநாய்க்கு இரையாகாமல், பிறர் பயிரில் வாய் வைக்காமல் அழைத்துச் செல்பவனுக்குப் பொறுமையும் இரக்கமும் கண்காணிப்பும் வேண்டும். சமுதாயத்தை வழிநடத்த வேண்டியவர்களுக்கு அல்லாஹ் அளித்த முதற்பயிற்சி அது.

ஒரு வழக்கும் இரு தீர்ப்புகளும்

மேய்ச்சலில் பொறுமையோடு அறிவும் தேவை. திருக்குர்ஆனில் அல்அன்பியா அத்தியாயத்தின் 78, 79ஆம் வசனங்கள் ஒரு வழக்கைக் குறிப்பிடுகின்றன. ஒரு கூட்டத்தாரின் ஆடுகள் இரவில் இன்னொருவரின் விளைநிலத்தில் இறங்கி மேய்ந்து அழித்துவிட்டன. வழக்கு ஹள்ரத் தாவூத் (அலை) அவர்களிடம் வந்தது. பயிரின் இழப்புக்கு ஈடாக ஆடுகளையே நிலத்துக்காரருக்குக் கொடுத்துவிடுமாறு அவர்கள் தீர்ப்பளித்தார்கள் என்று முஃபஸ்ஸிர்கள் கூறுகின்றனர். அப்போது இளம்வயதினராக இருந்த மகனார் ஸுலைமான் (அலை) அவர்கள் வேறொரு வழியைக் கூறினார்கள். ஆடுகள் தற்காலிகமாக நிலத்துக்காரரிடம் இருக்கட்டும்; பாலையும் ரோமத்தையும் குட்டிகளையும் அவர் அனுபவிக்கட்டும். ஆட்டுக்காரர் நிலத்தைத் திருத்திப் பயிரைப் பழைய நிலைக்குக் கொண்டு வரட்டும். பிறகு நிலம் நிலத்துக்காரருக்கு, ஆடு ஆட்டுக்காரருக்கு!

இருவருக்கும் ஞானத்தையும் கல்வியையும் வழங்கியதாகக் கூறும் அல்லாஹ், இவ்வழக்கின் விளக்கத்தை ஸுலைமானுக்குப் புரிய வைத்ததாகத் தனித்துக் கூறுகின்றான். இரண்டும் நீதியான தீர்ப்புகளே. எனினும் முதல் தீர்ப்பில் ஆட்டுக்காரர் வெறுங்கையோடு போவார். இரண்டாவது தீர்ப்பில் நிலமும் பிழைத்தது, ஆடும் பிழைத்தது, இரு குடும்பங்களும் பிழைத்தன. அந்த விளக்கம் ஓர் இளைஞரின் வாயிலாக வந்தது என்பதைத் தந்தையர் சிந்திக்க வேண்டும்.

சகோதரர்களே! அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் இவ்வழக்கு இன்றும் முடியவில்லை. அறுவடை முடிந்த காடுகளில் ஆடு மேய்வதை யாரும் தடுப்பதில்லை. கீதாரிகளைத் தேடிச் சென்று கூலி கொடுத்துக் கிடை போடச் சொல்பவர்களும் உண்டு. இரவில் ஆடுகள் இடும் புழுக்கையும் நீரும் மண்ணுக்கு உரமாகின்றன. ஆனால் பக்கத்துக் காட்டில் பருத்தியோ மக்காச்சோளமோ நிற்கும்போது நாலு ஆடு உள்ளே புகுந்துவிட்டால் அரிவாள் வரை பேச்சு போகிறது.

பராஉ பின் ஆஸிப் (ரலி) அவர்களின் ஒட்டகம் ஒரு தோட்டத்தைச் சேதப்படுத்தியபோது, பகலில் தோட்டத்தைக் காப்பது தோட்டக்காரரின் பொறுப்பு, இரவில் கால்நடையைக் காப்பது அதன் உரிமையாளரின் பொறுப்பு என்று பெருமானார் (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்தார்கள். விவரங்களில் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் பொறுப்பு இரு தரப்புக்கும் உண்டு என்னும் அடிப்படையை நாம் மறக்கலாகாது.

இன்றைய மாணவர்கள் செய்வது என்ன?

இப்போது அந்த இளைஞனின் படிப்புக்கு வருவோம். புழுக்கை பொறுக்குவது பைத்தியக்காரத்தனம் அல்ல. அதைச் சோதித்தால் ஆட்டின் குடலில் எத்தகைய புழு, எந்த அளவில் இருக்கிறது என்பது தெரியும். மழைக்குப் பின் தளதளவென்று முளைக்கும் புல்லை ஆடு வயிறு முட்ட மேயும்போது துள்ளுமாரி நோய் வருகிறது. காலையில் துள்ளித் திரிந்த குட்டி மாலையில் செத்துக் கிடக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கொசு போன்ற சிறு பூச்சிகளால் நீலநாக்கு நோய் பரவுகிறது. இவற்றுக்குத் தடுப்பூசி உண்டு. எப்போது போடுவது, எந்தத் தரையில் எப்போது மேய்க்கக் கூடாது என்பதை, மந்தையோடு நடந்தவன்தான் சொல்ல முடியும்.

இன்னொரு மாணவன் ஒரு மீட்டர் சதுரத்தில் கயிறு கட்டி, அதனுள் உள்ள புல்லை அறுத்துக் காயவைத்து எடை போடுகிறான். பார்ப்பவர்களுக்கு விளையாட்டாகத் தோன்றும். அதன் கணக்கைக் கேளுங்கள். 30 கிலோ எடையுள்ள ஓர் ஆடு, உலர்ந்த எடைக் கணக்கில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 900 கிராம் தீவனம் உண்ணும். ஆண்டுக்கு 330 கிலோவுக்கு அருகில் வரும். ஓர் ஏக்கர் தரிசு ஆண்டுக்கு 1000 கிலோ உலர்ந்த புல் தருவதாக வைத்துக்கொள்வோம். வேர் பிழைக்கவும் விதை விழவும் பாதியை நிலத்திற்கே விட வேண்டும். மீதி 500 கிலோ. அது ஒன்றரை ஆட்டுக்குத்தான் போதும். அங்கே பத்து ஆடுகளைக் கட்டி வைத்தால் முதலாண்டு புல் போகும். அடுத்து வேர் போகும். அதன்பின் மழையில் மண்ணே போகும். மிஞ்சுவது ஆடும் கடிக்காத செடிகளே.

நம் கண்மாய்களும் தரிசுகளும் சீமைக்கருவேலங்காடாக மாறிய கதையிலும் இதற்குப் பங்குண்டு. அதன் நெற்றை ஆடுமாடுகள் விரும்பித் தின்கின்றன; விதை செரிக்காமல் சாணத்தோடும் புழுக்கையோடும் வெளியேறிப் புதிய இடங்களில் முளைக்கிறது. 2022இல் தமிழக அரசு அந்நியப் படர்வுச் செடிகளை அகற்றுவதற்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. ஆனால் வெட்டிய இடத்தில் எந்தப் புல்லை விதைப்பது, எத்தனை மாதம் ஆட்டை விடாமல் காப்பது என்பவற்றையும் அறிந்திருக்க வேண்டும். அறியாவிட்டால் அடுத்த மழையில் அதே முள்தான் முளைக்கும்.

காங்கேயம், தாராபுரம் பக்கம் கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்கள் உள்ளன. நம்மைவிட மழை குறைந்த பகுதி அது. சுற்றிலும் கிளுவை வேலி. உள்ளே நிழலுக்கும் நெற்றுக்கும் வெள்வேல மரம். தரையில் கொழுக்கட்டைப் புல். கால்நடைகளை ஒரு காட்டிலிருந்து மறு காட்டுக்கு முறை வைத்து மாற்றி விடுகிறார்கள். காங்கேயம் மாடு பிழைத்திருப்பதற்கு அந்நிலமே ஆதாரம். பாட்டன்மார்கள் அனுபவத்தால் கண்ட அந்த முறையை ஆய்வாளர்கள் இன்று அளந்து பார்த்து எழுதுகிறார்கள். கரிசல் காட்டுக்கு எது பொருந்தும் என்பதை இம்மண்ணின் பிள்ளைகள் கண்டறிய வேண்டாமா?

அதற்கான வாசல்கள் தொலைவில் இல்லை. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் 1989இல் தொடங்கப்பட்டது. திருநெல்வேலியில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. மானாமதுரையில் புலிக்குளம் மாட்டினத்திற்கென ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மானாவாரி வேளாண்மையை ஆராயும் வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் நமக்கு அருகில் கோவிலாங்குளத்திலேயே உள்ளது. நம் வட்டாரத்துச் செம்மறிகளும் சாதாரணமானவை அல்ல. வெள்ளை உடம்பில் செம்பொட்டுகள் கொண்ட வேம்பூர் ஆடு, அடிவயிறு கறுத்த கீழக்கரிசல் ஆடு ஆகிய இரண்டும் இந்த வெயிலுக்கும் இந்த நடைக்கும் பழகிய இனங்கள். 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சுமார் 45 இலட்சம் செம்மறியாடுகளும் 98 இலட்சத்துக்கும் மேற்பட்ட வெள்ளாடுகளும் இருந்தன. அவற்றை நம்பி வாழும் குடும்பங்களை எண்ணிப் பாருங்கள்! ஐக்கிய நாடுகள் சபையும் 2026ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்கும் உரிய பன்னாட்டு ஆண்டாக அறிவித்தது.

மேய்ச்சல் நிலம் ஓர் அமானிதம்

உலகம் இன்று பேசும் இதனை இஸ்லாம் அன்றே நடைமுறைப்படுத்தியது. நீரும் புல்லும் நெருப்பும் மக்கள் பங்காளிகளாக இருக்கும் பொருள்கள் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். செழிப்பான பருவத்தில் பயணம் செய்தால் ஒட்டகத்திற்குப் பூமியிலுள்ள அதன் பங்கைக் கொடுக்கும்படியும், வறட்சியில் தாமதிக்காமல் கடந்து செல்லும்படியும் ஏவினார்கள். நிலத்தின் நிலை அறிந்து கால்நடையை நடத்தும் பாடம் இதில் இருக்கிறது. மதீனாவுக்கு அருகே நகீஃ என்னும் இடத்தைக் குதிரைகளுக்கென ஹிமாவாக, அதாவது காக்கப்பட்ட மேய்ச்சல் நிலமாக, ஒதுக்கினார்கள்.

ஹள்ரத் உமர் (ரலி) அவர்கள் தம் ஆட்சியில் ஹிமாவுக்கு ஹுனய்யு என்பவரைப் பொறுப்பாளராக நியமித்தார்கள். அநீதி இழைக்கப்பட்டவனின் துஆவை அஞ்சிக்கொள்ளும்படி முதலில் எச்சரித்தார்கள். சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டுமே உடைய ஏழைகளை உள்ளே விடச் சொன்னார்கள். அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப், உஸ்மான் பின் அஃப்பான் (ரலி) போன்ற செல்வர்களின் மந்தைகளைத் தடுக்கச் சொன்னார்கள். செல்வரின் கால்நடை மடிந்தால் அவருக்குத் தோட்டமும் விளைச்சலும் உண்டு. ஏழையின் கால்நடை மடிந்தால் அவன் பிள்ளைகளோடு என் வாசலில் வந்து நிற்பான், பொன்னும் வெள்ளியும் கொடுப்பதைவிடப் புல்லும் நீரும் கொடுப்பது எனக்கு எளிது என்று காரணமும் கூறினார்கள். நிலத்தைக் காப்பதும் ஏழையைக் காப்பதும் அவர்களின் பார்வையில் ஒன்றாகவே இருந்தன.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவதாக, அந்த வசைச்சொல்லை நம் வீடுகளிலிருந்தும் மதரஸாக்களிலிருந்தும் அகற்றுவோம். மகனோ மகளோ கால்நடையையும் மண்ணையும் பற்றிப் படிக்க விரும்பினால், ஹலாலான, படைப்புகளுக்குப் பயன்தரும் கல்வி என்று துஆச் செய்து அனுப்புவோம்.

இரண்டாவதாக, மாணவர்கள் கிராமங்களுக்கு வந்து கேள்வி கேட்கும்போது முகம் சுளிக்காமல் பதில் சொல்வோம். நிழலும் தண்ணீரும் கொடுப்போம். மாணவர்களும் கீதாரியின் முன் அடக்கத்தோடு அமர வேண்டும். ஏட்டில் இல்லாதது அவர் அறிவில் இருக்கிறது.

மூன்றாவதாக, கபர்ஸ்தான் ஓரங்களிலும் ஜமாஅத் நிலங்களிலும் முள் மண்டிக் கிடந்தால், அறிந்தவர்களிடம் கேட்டுப் புல்லும் மரமும் வளர்ப்போம். முஸ்லிம் நட்டதிலிருந்து மனிதனோ பறவையோ கால்நடையோ உண்டால் அது அவருக்கு ஸதகா என்பது நபிமொழி.

நான்காவதாக, ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் குர்பானிப் பிராணி வாங்க எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தைக்குப் போகிறவர்கள், வெயிலில் ஓராண்டு நடந்து அந்த ஆட்டை வளர்த்தவனின் வயிற்றில் அடித்துப் பேரம் பேச வேண்டாம். நாம் நிறைவேற்றும் இபாதத்திற்குப் பின்னால் அவனுடைய உழைப்பு இருக்கிறது.

இவ்வளவையும் கேட்ட அந்தத் தந்தை நெடுநேரம் பேசவில்லை. எழுந்து செருப்பை மாட்டும்போது, "அடுத்த தடவை அவன் கிடைக்குப் போகும்போது நானும் போய்ப் பார்க்கிறேன் ஹஜ்ரத்" என்று மட்டும் கூறிச் சென்றார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

தா ஹா அத்தியாயத்தின் 54ஆம் வசனத்தில், உண்ணுங்கள், உங்கள் கால்நடைகளையும் மேயவிடுங்கள் என்று கூறும் அல்லாஹ், அறிவுடையோருக்கு இதில் அத்தாட்சிகள் உள்ளன என்று தொடர்கின்றான். மேய்ச்சலையும் அறிவையும் அவனே ஒரே வசனத்தில் சேர்த்து வைத்திருக்கிறான். நாம் அவற்றைப் பிரிக்க வேண்டாம்.

யா அல்லாஹ்! எங்கள் கண்மாய்களை நிரப்புவாயாக! எங்கள் காடுகளிலும் கால்நடைகளிலும் பரக்கத் செய்வாயாக! வாயில்லா ஜீவன்களின் விஷயத்தில் உன்னை அஞ்சி நடப்பவர்களாக எங்களை ஆக்குவாயாக! எங்கள் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், ஸுலைமான் நபிக்கு நீ அருளியதைப் போன்ற விளக்கத்தையும் வழங்குவாயாக! ஆமீன்.