ஒதுங்க ஓர் இடம்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"உங்க சாதனையைப் பத்திப் பேசுங்க" என்றார் செயலாளர். நான் செய்த ஒரு தப்பைப் பற்றிப் பேசுகிறேன். மாணவர்களுக்கு அதுதான் உபயோகம்.

1981-இல் சத்தியமங்கலம் மலைப்பகுதியில் மூங்கில் லாரிகள் இறங்க ஒரு காட்டு ரோடு போடும் வேலை எனக்கு. ஒற்றைத் தடம், மண் ரோடு. காட்டு ரோட்டைக் கெடுப்பது லாரியைவிடத் தண்ணீர்தான் என்று இந்தக் கல்லூரியில் படித்தது மறக்கவில்லை. மலைப் பக்கம் வாய்க்கால், ஓடை குறுக்கிடும் இடங்களில் குழாய்ப் பாலம், ரோட்டின் வாட்டம் எல்லாம் ஒழுங்காகச் செய்தேன். அதில் இன்றும் பெருமைதான்.

கோட்டை விட்டது வேறு இடத்தில். ஒற்றைத் தட மலை ரோட்டில் வண்டிகள் விலக, கிலோமீட்டருக்கு இரண்டு மூன்று ஒதுங்குமிடங்கள் வேண்டும். பாறை உடைக்கச் செலவு என்று மூன்றை எஸ்டிமேட்டிலிருந்து அடித்துவிட்டேன். வயதான லாரி டிரைவர் ஒருவர் கேட்டார்: "ஏனுங் சார், இந்த வளைவுல எதுக்க ஒரு வண்டி வந்தா எங்கீங் ஒதுங்கறது?"

"நம்ம லாரியத் தவிர யாருண்ணா வரப்போறாங்க?" என்றேன்.

வந்தார்கள். மேலே இருந்த ஊருக்கு அதுவரை ஒற்றையடிப் பாதைதான். ரோடு என்று ஒன்று விழுந்தபின் சந்தைக்குப் போகிறவர், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், மாடு ஓட்டுகிறவர் வேறெதில் போவார்கள்? சங்கிலி கட்டினோம். அதைச் சுற்றி இன்னொரு தடம் விழுந்தது.

ஒரு சாயங்காலம். பிரசவம் முடிந்த தாயையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு ஒரு ஜீப் மேலேறுகிறது. மூங்கில் லாரி இறங்குகிறது. ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது சட்டம். முழு லோடோடு, பிரேக் சூடேறி இறங்குகிற லாரிக்கு நிற்க இடம் வேண்டாமா? நான் அடித்துவிட்ட மூன்றில் ஒன்று அந்த வளைவு. டிரைவர் லாரியை மலைப் பக்க வாய்க்காலில் இறக்கி முட்ட விட்டார். மூங்கில் முன்னால் சரிந்து கேபினை நசுக்கியது. அதே பெரியவர்தான். இடது கால் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் என்னைத் திட்டுவார் என்று நினைத்துப் போனேன். "கொழந்தைக்கு ஒண்ணும் ஆகலீங்களே?" என்றுதான் கேட்டார்.

அப்புறம் மூன்று இடத்திலும் பாறையை உடைத்தோம். சங்கிலியை நானே கழற்றினேன். மேலே ஒரு வாட்சர், கீழே ஒரு வாட்சர். ஒற்றை ரயில் பாதைபோல டோக்கன் வந்தால்தான் லாரி இறங்கும். இறங்கும் நேரத்தை ஊரில் தண்டோரா போட்டோம்.

27 கொண்டை ஊசி வளைவுள்ள திம்பம் பாதை உங்களுக்குத் தெரியும். 2013-இல் புலிகள் காப்பகமான காடு அது. 2022 பிப்ரவரியில் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி அங்கே இரவுப் போக்குவரத்துக்குத் தடை அமலானபோது மலை மக்கள் போராடினார்கள். இரவில் காடு விலங்குகளுக்கு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஊரையும் வெளியூர் லாரியையும் ஒரே கண்ணால் பார்க்கக் கூடாது என்பது என் கட்சி. நண்பர்கள் சிலர் தலையாட்டுகிறார்கள், சிலர் முறைக்கிறார்கள்.

மெஸ் மணி அடித்துவிட்டது. மீதிச் சண்டையைச் சாப்பாட்டில் வைத்துக்கொள்வோம்.