என்ன தொழில் செய்கிறீர்?

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்வியைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் நம்மைப் பணித்தார்கள். கல்வியின் பயனை இம்மேடையில் நம்மினும் சிறப்பாகப் பலர் எடுத்துரைத்துவிட்டனர். ஆகவே நாம் பள்ளிச் சேர்க்கைப் படிவத்திலுள்ள ஒரே ஒரு கட்டத்தைப் பற்றி மட்டும் பேச விரும்புகிறோம். ‘பெற்றோர் தொழில்’ என்னும் கட்டம் அது.

ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாக அக்கட்டத்தை நாம் நிரப்பி வருகிறோம். ஆட்டுத்தொட்டியில் அறுப்பவரும், மாட்டுத் தோல் உரிப்பவரும், குடல் கழுவி விற்கும் தாய்மாரும், தோல் மண்டியில் உப்பிடுபவரும் நம்மிடம் வந்து, “கூலி என்று போடுங்கள் ஐயா” என்பர். நாமும் அவ்வாறே எழுதினோம். வகுப்பில் பிள்ளையை ஏளனம் செய்துவிடுவரோ என்னும் அச்சம் அவர்களைப் போலவே நமக்கும் இருந்தது. அன்பினால் செய்ததுதான், ஆயினும் அது தவறென்று மிகத் தாமதமாகவே உணர்ந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் அடிக்கடி வராதிருந்தான். விசாரித்ததில், தந்தைக்குக் காய்ச்சல், அவருக்குப் பதிலாகத் தான் வேலைக்குச் செல்வதாகக் கூறினான். அக்காய்ச்சல் எட்டு மாதமாக வந்து வந்து போயிற்று. மாலையானால் உடல் கொதிக்கும். இரவில் பாய் நனையும்படி வியர்க்கும். இடுப்பும் மூட்டும் வலிக்கும். டைஃபாய்டு என்று இரு முறையும், மலேரியா என்று ஒரு முறையும் மருந்து கொடுத்திருந்தனர். நாம் உடன் வந்தால் மருத்துவமனையில் மதிப்பார்கள் என்று அவர் கேட்டுக்கொண்டதால் சென்றோம். சீட்டு எழுதுமிடத்தில் தொழில் என்ன என்று கேட்டனர். அவர் வாய் திறக்குமுன் நாமே “கூலி” என்றோம்.

உள்ளே இருந்த இளம் மருத்துவர் நோயாளியின் விரல்களிலிருந்த கத்தித் தழும்புகளை நெடுநேரம் பார்த்தார். “ஐயா, உண்மையில் என்ன வேலை செய்கிறீர்கள்?” என்றார். அவர் மகனைப் பார்த்தார். மகன் தரையைப் பார்த்தான். பிறகுதான் மெல்லச் சொன்னார். அதற்கெனத் தனி இரத்தப் பரிசோதனை செய்யப்பட்டது. நோய் புரூசெல்லோசிஸ் என்று தெரிந்தது. இரண்டு மருந்துகளைச் சேர்த்து ஆறு வாரம் விடாமல் உண்டு அவர் எழுந்தார். எட்டு மாதம் அவரைப் படுக்கையில் கிடத்தியது நோய்க்கிருமி மட்டுமன்று; ‘கூலி’ என்ற அந்தச் சொல்லும்தான். அதைச் சொன்னவர்களில் நாமும் ஒருவர்.

மருத்துவர் நோயாளியிடம் தொழிலைக் கேட்க வேண்டும் என்று வற்புறுத்தியவர் இத்தாலி நாட்டு மருத்துவர் பெர்னார்டினோ ரமட்சினி. தொழிலாளரின் நோய்கள் பற்றிய அவரது நூல் 1700ஆம் ஆண்டு வெளிவந்தது. அந்நூல் பிறந்த விதத்தை நம் இளைஞர்கள் அறிய வேண்டும். மொடேனா நகரில் அவர் வீட்டு மலக்குழியைத் துப்புரவு செய்த தொழிலாளி மிகுந்த விரைவுடன் வேலை செய்வதைக் கண்டு, காரணம் கேட்டார். நெடுநேரம் குழியிலிருந்தால் கண் பார்வை கெடும் என்றார் அத்தொழிலாளி. அந்தப் பதில்தான் ரமட்சினியைப் பட்டறை பட்டறையாக நடக்க வைத்தது. தொழில்சார் மருத்துவத்தின் முதல் ஆசிரியர் பெயரறியா ஒரு மலக்குழித் தொழிலாளி என்றே நாம் சொல்வோம்.

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் 1935ஆம் ஆண்டு இறைச்சிக்கூடத் தொழிலாளரிடையே இன்னதென்று தெரியாத காய்ச்சல் ஒன்று கண்டது. எட்வர்ட் டெரிக் என்னும் மருத்துவர் அதனை ஆராய்ந்து 1937இல் ‘க்யூ காய்ச்சல்’ எனப் பெயரிட்டு எழுதினார். நோயாளிகள் அனைவரும் ஒரே தொழிலினர் என்று தெரிந்ததே ஆராய்ச்சிக்கு வழி திறந்தது. அவர்களும் ‘கூலி’ என்று சொல்லியிருந்தால்?

இனி, நம்மவர் அறிய வேண்டிய சிலவற்றைக் கூறுவோம். புரூசெல்லோசிஸ் கிருமி கையிலுள்ள வெட்டுக்காயம் வழியாகவும், கண்ணில் தெறிக்கும் இரத்தத்தின் வழியாகவும் உட்புகும். சினைப்பட்ட விலங்கின் கருப்பையிலும் கருநீரிலும் அது மிகுதியாக இருக்கும். சினை விலங்கை அறுக்கலாகாது என்பது சட்டம்; அதை மீறி அறுக்கச் சொல்பவன் தொழிலாளியின் உடலையும் சேர்த்தே பணயம் வைக்கிறான். எலிக்காய்ச்சல் விலங்கின் சிறுநீர் கலந்த ஈரத்தில் இருக்கிறது. வெறுங்காலுடன் தண்ணீரில் நின்று குடல் கழுவும் தாய்மார்க்கே இந்த அபாயம் அதிகம். முழங்கால் வரை வரும் ரப்பர் காலணி அங்கே ஆடம்பரம் அன்று. திடீரென்று இறந்து மூக்கிலும் ஆசனவாயிலும் கருத்த இரத்தம் வடியும் மாடு அடைப்பான் நோயால் இறந்திருக்கக் கூடும். அதன் தோலுக்கு எவர் எவ்வளவு விலை தந்தாலும் கத்தி வைக்காதீர்கள், கால்நடை மருத்துவருக்குச் சொல்லி அனுப்புங்கள். கையில் வலியில்லாத புண் தோன்றி நடுவில் கருகினால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வெட்டுக்காயத்தை நீர் புகாத கட்டால் மூடுங்கள். டி.டி. ஊசி போட்ட தேதியைக் குறித்து வையுங்கள். தேநீருக்கும் பீடிக்கும் முன் சோப்பிட்டுக் கை கழுவுங்கள். (பீடியை விட்டுவிடச் சொல்லலாம், அதற்கு இன்னொரு கூட்டம் தேவைப்படும்.)

சட்டம் நம்மைக் காக்காதா என்று இளைஞர்கள் கேட்கலாம். 2001ஆம் ஆண்டின் இறைச்சிக்கூட விதிகளைப் படித்துப் பாருங்கள். அறுப்புக்கு முன் விலங்கைக் கால்நடை மருத்துவர் சோதிக்க வேண்டும்; மணிக்கு 12, நாளொன்றுக்கு 96 விலங்குகளுக்கு மேல் ஒருவர் சோதிக்கலாகாது. நல்ல விதிதான். தொற்றுநோய் உள்ளவர் அறுக்கலாகாது என்றும் உள்ளது. அதாவது, தொழிலாளியிடமிருந்து இறைச்சிக்கு நோய் செல்லுமா என்றே கேட்கிறார்கள். விலங்கிடமிருந்து தொழிலாளிக்கு வந்ததா என்ற கேள்வி அங்கே இல்லை. அமெரிக்காவிலும் இதுவே நடந்தது. சிகாகோ இறைச்சித் தொழிலாளரின் துயரை அப்டன் சிங்களேர் நாவலாக எழுதினார், நாடு கொதித்தது, 1906இல் வந்த சட்டமோ இறைச்சியைச் சோதிக்கும் சட்டமாக அமைந்தது.

ஆயினும் ஒரு கதவு திறந்திருக்கிறது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, விலங்குகளையும் அவற்றின் உடல்களையும் கையாளும் வேலையில் தொற்றும் நோய்களைத் தொழில் நோய்கள் என்று ஏற்றது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது இடம்பெற்றுள்ளது. அந்நோய் வேலையில் நேர்ந்த விபத்துக் காயம் போலவே கருதப்படும். சொந்தக் கடை வைத்திருப்போருக்கு இது பொருந்தாது. பிறரிடம் வேலை செய்வோருக்குப் பொருந்தும். தினக்கூலிக்கு அறுப்பவரிடம் சம்பளச் சீட்டும் இராது, வருகைப் பதிவும் இராது. முதலாளி, “இவரை எனக்குத் தெரியாது” என்று சொல்லிவிடலாம். அப்போது கையிலிருக்கும் காகிதம் மருத்துவமனைச் சீட்டு ஒன்றே. அதிலும் ‘கூலி’ என்றிருந்தால் எதைக் காட்டி வாதாடுவது?

இத்தொழிலை அடியோடு விட்டுவிட வேண்டும் என்று சொல்லும் பெரியோர் இங்கே இருக்கிறார்கள். 1927இல் மகாட் மாநாட்டில் செத்த மாட்டின் இறைச்சியை விட்டொழிக்குமாறு பாபாசாகேப் அம்பேத்கர் கூறியதை அவர்கள் நினைவூட்டுவர். பிறர் நம்மீது சுமத்திய இழிவை உதறச் சொன்னார் அவர். அவரே 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையை ஏற்று, வேலை செய்வோரின் பாதுகாப்புக்காகவும் உழைத்தார். விட முடிந்தவர்கள் விடட்டும்; நம் மாணவர்கள் வேறு வேலைகளுக்குச் செல்வதைக் கண்டு நாம் மகிழ்கிறோம். ஆனால் நாளைக் காலை நான்கு மணிக்குக் கத்தியைத் தீட்டப் போகிறவரிடம் ‘விட்டுவிடு’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக நமக்கு மனம் வரவில்லை.

இளைஞர்களுக்கு ஒன்று சொல்வோம். உங்கள் தந்தையோ தாயோ மருத்துவமனைக்குச் செல்லும்போது உடன் செல்லுங்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும் தொழிலைச் சொல்லுங்கள். சீட்டில் எழுதச் சொல்லி, எழுதியதைப் படித்துப் பாருங்கள். அப்போது தலையைக் குனியாதீர்கள். பெற்றவர் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்.

செயலாளர் அவர்கள் ஒரு மாதிரிக் கடிதம் தயாரிக்க இசைந்துள்ளார்கள். பெயர், வேலை, வேலை செய்யும் இடம், எத்தனை ஆண்டுகள், கடைசியாக எப்போது வெட்டுக்காயம் பட்டது ஆகியவை அதில் இருக்கும். ஒவ்வொரு ஞாயிறும் பத்து மணி முதல் சங்கக் கட்டடத்தில் அமர்ந்து நாமே அதை நிரப்பித் தருகிறோம். வேலை முடிந்து அப்படியே வரலாம். குளித்து உடை மாற்றிக்கொண்டுதான் வரவேண்டும் என்பதில்லை. பள்ளிப் பதிவேட்டில் தொழிலை மாற்றி எழுத விரும்புவோர் திங்கட்கிழமை பள்ளிக்கு வரலாம். இதுவரை மூவர் வந்துள்ளனர்.