பரிசிலன்று, உரிமை!



செல்வக்கடுங்கோ வாழியாதனைப் பாடிய கபிலர்க்கு நூறாயிரம் காணமும், நன்றா என்னுங் குன்றேறிக் கண்ட நாடும் பரிசிலாகக் கிடைத்தன எனப் பதிற்றுப்பத்தின் ஏழாம் பதிகம் கூறும். தமிழ்ப்புலவன் பெற்ற சிறப்புக்கு இதனை எடுத்துக்காட்டுவோர் பலர். காட்டுவது தக்கதே. ஆயின், பரிசில் என்பது கொடுப்போன் உள்ளத்தைப் பொறுத்தது. புரவலன் மாய்ந்தால் பரிசிலும் மாயும். இன்று முடியரசர் இல்லை. பாட்டோ வானொலியிலும் தொலைக்காட்சியிலும் உணவகத்திலும் இணையத்திலும் இடையறாது ஒலிக்கின்றது. அதனால் பொருளீட்டுவோர் பலர். அப்பொருளில் பாட்டைப் படைத்தவனுக்குப் பங்கு உண்டா? உண்டெனில், அதை அவன் இரந்து பெறுவதா, உரிமையாகக் கேட்டுப் பெறுவதா?

இவ்வினாவிற்கு முதல் விடை பாரிசு நகரில் கிடைத்தது. 1847ஆம் ஆண்டு அங்கே ஓர் இசை உணவகத்தில் எர்னெசுட்டு பூர்சே என்னும் பாவலரும், ஆன்ரியோன், பாரிசோ என்னும் இசையமைப்பாளர் இருவரும் அமர்ந்திருந்தனர். அவர்தம் படைப்பே, அவர்தம் இசைவின்றி, அங்கு இசைக்கப்பெற்றது. பருகியதற்கு விலை கேட்டபோது அவர்கள் தர மறுத்தனர். பாட்டுக்கு உணவகத்தார் விலை தருவதில்லை. ஆகவே பருகியதற்குத் தாமும் விலை தருவதற்கில்லை என்பதே அவர்தம் வழக்கு. நயன்மன்றம் படைப்பாளர் பக்கமே தீர்ப்பளித்தது. ஆயினும் ஊரிலுள்ள உணவகம் ஒவ்வொன்றிலும் போய் ஒரு பாவலன் காவலிருத்தல் இயலுமா? இயலாது. எனவே 1851இல் பாவலரும் இசையமைப்பாளரும் வெளியீட்டாளரும் ஒன்றுகூடிக் கழகம் கண்டனர். உலகில் இன்றுள்ள இசையுரிமைக் கழகங்களுக்கெல்லாம் அதுவே முன்னோடி.

இம்முறை இயங்கும் வகை எளியது. ஒரு பாட்டில் உரிமைகள் மூன்று அடங்கியுள்ளன. சொல் பாவலனுடையது, இசை இசையமைப்பாளனுடையது, ஒலிப்பதிவு அதனைப் பதிவு செய்தவனுடையது. சொல்லையும் இசையையும் எழுதிப் பெற்று அவற்றை வணிகத்திற் செலுத்துபவன் வெளியீட்டாளன். பாட்டைப் பொதுவிடத்தில் ஒலிக்கச் செய்வோர்க்குக் கழகம் இசைவுச்சீட்டு வழங்கிக் கட்டணம் பெறும். எந்தப் பாட்டு எங்கெங்கு ஒலித்தது என்னும் கணக்கைப் பெற்று, நடைமுறைச் செலவைக் கழித்து, எஞ்சியதைப் பகிர்ந்தளிக்கும். 'இராயல்டி' என்று ஆங்கிலத்திற் கூறப்படும் உரிமைத்தொகை இதுவே.

இந்தியாவில் இப்பணிக்கென 1969இல் இசைப்பு உரிமைக் கழகம் தோன்றியது. ஆனால் 1977இல் உச்சநயன்மன்றம் அளித்த தீர்ப்பு படைப்பாளர் நம்பிக்கையைத் தகர்த்தது. ஊதியங்கொடுத்துப் பாட்டெழுதச் செய்த படமுதலாளியே, மாறான உடன்படிக்கை இல்லாவிடத்து, அதன் முதல் உரிமையாளர் என்பது அத்தீர்ப்பு. உழுதவனுக்கு ஒருநாட் கூலி. விளைச்சல் என்றென்றும் நிலக்கிழார்க்கு!

முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்தே இந்நிலை மாறியது. 2012இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பெற்றது. பாவலர் சாவேத் அக்தர் மாநிலங்களவையிலேயே இதற்காகக் குரல் கொடுத்தார். அத்திருத்தத்தின்படி, திரைப்படப் பாட்டின் உரிமையை எழுதிக்கொடுத்துவிட்டாலும், உரிமைத்தொகையில் உரிமை பெற்றவருக்கு இணையான பங்கு படைத்தவருக்கு உண்டு. திரையரங்கில் படத்தோடு சேர்ந்து ஒலிப்பதற்கு மட்டும் இது பொருந்தாது. பிற வழிகளுக்கெல்லாம் பொருந்தும். இப்பங்கைத் தம் மரபுரிமையர்க்கோ பதிப்புரிமைக் கழகத்திற்கோ அன்றி வேறெவர்க்கும் படைப்பாளர் எழுதித்தர இயலாது. வேண்டாவென்று கையெழுத்திட்டாலும் அது செல்லாது. பாவலர் மறைந்த பின்னும் 60 ஆண்டுகள் இவ்வுரிமை அவர் குடும்பத்தைச் சேரும்.

பாரதியார் 1921இல் வறுமையில் மறைந்தார். அவர் பாடல்களை இசைத்தட்டில் ஏற்றும் உரிமை வணிகர் கைக்குப் போய், பின்னர்ப் படமுதலாளி ஏ.வி. மெய்யப்பர் கைக்கு வந்தது. 1949இல் சென்னை மாநில அரசு அவர் படைப்புகளை நாட்டுடைமையாக்கிய பின்னரே அப்பாட்டு மக்களுடையதாயிற்று. எழுதியவன் பசித்திருக்க, எழுத்து விலைபோன வரலாறு தமிழர்க்குப் புதிதன்று.

சட்டம் வந்துவிட்டது, பயன் வந்ததா? உடன்படிக்கை ஆங்கிலத்தில் நீட்டப்படுகின்றது. தமிழில் பாட்டெழுதியவன் தனக்கு விளங்காத மொழியில் கையெழுத்திடுகின்றான். தமிழ்ப்பாட்டுக்குரிய உடன்படிக்கை தமிழில் இருத்தல் வேண்டும் என்று கேட்பது மொழிவெறியன்று. வயிற்றுக்கும் மானத்திற்கும் உரிய கோரிக்கை. மொழியுரிமை இழந்தவன் பொருளுரிமையும் இழப்பான் என்பதற்கு இதனினுஞ் சான்று வேண்டுமோ?

எனவே தமிழ்ப்பாவலர் செய்யத்தக்கன சில. கழகத்தில் உறுப்பினராதல் வேண்டும். எழுதிய பாட்டு ஒவ்வொன்றையும், படத்தின் பெயர், இசையமைப்பாளர் பெயர் ஆகியவற்றோடு பதிதல் வேண்டும். பதியாத பாட்டு எத்துணை முறை ஒலித்தாலும் அதற்குரிய தொகை உரியவரைத் தேடி வாராது. தமக்குப்பின் பெறுவோர் யார் என்பதையும் எழுதிவைத்தல் வேண்டும்.

தமிழ் அமைப்புகளுக்கும் ஒன்று கூறுதல் கடன். கட்டணம் பெற்று விழா நடத்துவோர், பந்தலுக்குப் பணம் தருவர். ஒலிபெருக்கிக்குப் பணம் தருவர். பாட்டெழுதிய பாவலனுக்கு மட்டும் 'தமிழ்த்தொண்டு' என்று சொல்லி வெறுங்கையை விரிப்பர். தமிழை வாழ்விக்க வந்தோர் தமிழ்ப்பாவலனை வாட்டுதல் தகுமா? பிறரிடம் உரிமை கேட்போர் தம்மிடம் பிறர்க்குள்ள உரிமையை முதலில் கொடுத்தல் வேண்டும்.

கபிலர் பெற்றது வேந்தன் அளி. இன்றைய பாவலன் பெறவேண்டியது அவன் உழைப்பின் ஊதியம். அதனைத் தலைநிமிர்ந்து கேட்கட்டும். தமிழர் அவன் பக்கம் நிற்கட்டும்.