கடல் கடந்து ஒரு வீடு

ஜோலார்பேட்டை ஜங்ஷனில் ரயில் ஏறி சென்னைக்கோ பெங்களூருக்கோ படிக்கப் போறது நமக்குப் பழக்கம்தான். வெளிநாட்டில், முன்பின் தெரியாத குடும்பத்தோட தங்கிப் படிக்கணும்னா தயக்கம் வரத்தான் செய்யும்.

கணிதமேதை ராமானுஜன் 1914 ஏப்ரலில் இங்கிலாந்து போனதும், முதல் சில வாரங்கள் கேம்பிரிட்ஜில் கணித அறிஞர் நெவில் வீட்டில்தான் தங்கினார். பிறகு கல்லூரி அறைக்கு மாறி, தானே சமைத்துச் சாப்பிட்டார். உலகப்போர் வந்தது, சைவ உணவுக்குத் தட்டுப்பாடு. தனிமையும் சேர்ந்துகொண்டது. 1917இல் நோயில் படுத்தார்.

அதனால், சாப்பாடு, வழிபாடு, உடம்புக்கு ஆகாதது எல்லாத்தையும் முதல் நாளே அந்த வீட்டாரிடம் சொல்லிடுங்க. கூச்சப்பட்டுப் பட்டினி கிடக்காதீங்க. பாஸ்போர்ட் உங்க கையிலேயே இருக்கணும்; அதன் நகல் அம்மா, அப்பா போனில் இருக்கட்டும்.

போய்ச் சேர்ந்ததும் வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்தில் மாணவராகப் பதிவு பண்ணுங்க. கட்டணம் கிடையாது. சிக்கல் வந்தா அதிலேயே புகார் தரலாம். அங்குள்ள இந்தியத் தூதரகத்தின் பார்வைக்குப் போகும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: பிள்ளை 'நல்லா இருக்கேன்'னு சொன்னதோட போனை வைக்காதீங்க. 'இன்னைக்கு என்ன சாப்பிட்ட, யாரோட பேசின?'ன்னும் கேளுங்க.