கிலோவுக்கு எத்தனை குச்சி?



மைசூரு தேவராஜ மார்க்கெட்டில் காலை நேரம் ஒரு சுற்று வந்து பாருங்கள். உதிரி மல்லிகையைத் தராசில் நிறுத்துக் கொடுப்பார்கள். நாலு எட்டு தள்ளி, அதே மல்லிகை சரமாகி, கையால் அளந்து 'மாரு' கணக்கில் போகும். வெற்றிலை கட்டாக விற்கும். நஞ்சன்கூடு ரசபாளே வாழை தாராக வந்து இறங்கும், சீப்பாகப் பிரியும். கடைக்காரருக்கு எல்லாமே மனக்கணக்கு. அதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுக்கும்போதுதான் சிக்கல்.

இந்த ஊருக்குப் பேர் வாங்கித் தந்த ஊதுபத்தியையே எடுத்துக்கொள்வோம். மூங்கில் குச்சி, கரித்தூள், ஜிகட் பட்டைத் தூள் எல்லாம் கிலோவில் வரும். வாசனைத் தைலம் லிட்டரில் வரும். பத்தி உருட்டும் பெண்களுக்குக் கூலி ஆயிரம் குச்சிக்கு இவ்வளவு என்று. உருட்டிக் காய்ந்த பத்தி மறுபடியும் தராசு ஏறும். தைலத்தில் தோய்த்தால் எடை கூடும். கடைக்குப் போகும்போது பாக்கெட், டஜன், பெட்டி.

நம் கடைகளில் அதிகம் புழங்கும் டேலி, 1986இல் பெங்களூரில் தொடங்கிய நிறுவனத்தின் கணக்கு மென்பொருள். ஒரே சரக்கை இரண்டு அளவில் வைக்க அதில் இரண்டு வழி உண்டு. ஒன்று, கூட்டு யூனிட். டஜனுக்குப் பன்னிரண்டு என்றால் என்றைக்கும் பன்னிரண்டுதான். அதற்கு இது போதும். மற்றொன்று, மாற்று யூனிட். சரக்கின் முதல் அளவு கிலோ, மாற்று அளவு எண்ணிக்கை என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பதிவிலும் அந்தத் தடவை உண்மையில் எவ்வளவோ அதைத் திருத்திப் போடலாம். பத்திக்கு வேண்டியது இரண்டாவதுதான். ஆனால் 'கிலோவுக்கு ஆயிரம்' என்று முதல் நாள் அடித்துவிட்டு, பிறகு அதைத் திரும்பிப் பார்க்காதவர்கள் நிறையப் பேர்.

இதில் எனக்கு உறுத்துவது ஒன்று இருக்கிறது. ஐம்பது கிலோ பத்தி வருகிறது என்று வையுங்கள். திரையில் ஐம்பதாயிரம் குச்சி. மழைக்காலம், பத்தி ஈரம் குடித்திருக்கிறது. கிலோவுக்குத் தொள்ளாயிரத்து நாற்பதுதான் நிற்கிறது. கையில் இருப்பது நாற்பத்தேழாயிரம். பாக்கெட்டுக்கு இருபது குச்சி என்றால், நூற்றைம்பது பாக்கெட் குறைகிறது. யாரும் ஒரு குச்சி எடுக்கவில்லை. ஆனாலும் சந்தேகம் முதலில் போய் விழுவது பாக்கெட் போடும் பெண்ணின் மேல். இது அநியாயம். எடை குறையவே இல்லை. அதில் ஒரு பங்கு குச்சியாக இல்லாமல் தண்ணீராக வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பட்டிலும் இதே கதை. பட்டு காற்றின் ஈரத்தை இழுக்கும். அதனால்தான் அந்த வியாபாரத்தில் காய்ந்த நூல் எடையோடு பதினோரு சதவீத ஈரம் சேர்த்து ஒரு பொது எடை வைத்திருக்கிறார்கள். எந்தப் பருவத்தில் நிறுத்தாலும் வாங்குபவருக்கும் விற்பவருக்கும் ஒரே கணக்கு.

பத்திக்கு அந்த அளவு ஏற்பாடெல்லாம் தேவையில்லை. மூட்டை வந்து இறங்கியதும் மேலே, நடுவில், அடியில் என்று மூன்று இடத்திலிருந்து ஒவ்வொரு கிலோ எடுங்கள். எண்ணுங்கள். சராசரியை அந்த வரவுப் பதிவிலேயே போடுங்கள். கிலோவும் இருக்கட்டும், குச்சியும் இருக்கட்டும். எண்ணும்போது பாக்கெட் போடும் அந்தப் பெண்ணையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.