இரு மரணங்களும் மீட்பும்: கிறிஸ்தவர் கூறுவது என்ன?



நம்மவர்களுள் சிலர் கிறிஸ்தவ நண்பர்களிடம் எழுப்பும் வினா ஒன்றுண்டு. "ஆதமின் பாவத்தால் மரணம் வந்தது, அப்பாவத்தை இயேசு சிலுவையில் சுமந்து தீர்த்தார் என்கிறீர்கள். அவ்வாறாயின் நீங்கள் ஏன் இன்னும் மரணிக்கிறீர்கள்?" இவ்வாறு கேட்டவர் வாதத்தில் வென்றுவிட்டதாகவே எண்ணிக்கொள்கிறார். ஆனால் இவ்வினா கிறிஸ்தவ அறிஞர்களுக்குப் புதியதன்று. இன்றைய அல்ஜீரியாவில் அமைந்திருந்த ஹிப்போ நகரின் ஆயர் அகஸ்தீன், ஏறத்தாழ 1600 ஆண்டுகளுக்கு முன்னரே 'இறைவனின் நகரம்' எனும் தமது நூலின் 13ஆம் பாகத்தில் இதனைத் தாமே எழுப்பி விடையும் கூறியுள்ளார். ஒருவரது கொள்கையை மறுக்க விரும்புவோர், அவர் உண்மையில் என்ன கூறுகிறார் என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

விலக்கப்பட்ட கனியை உண்ணும் நாளிலேயே ஆதம் மரணிப்பார் என்று அவர்களது ஆதியாகமம் கூறுகிறது. அதே நூலின் 5ஆம் அத்தியாயமோ அவர் 930 ஆண்டுகள் வாழ்ந்தார் என்கிறது. இதனை எவ்வாறு இணைப்பது? கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த யுஸ்தீன், இரேனியு ஆகியோர், இறைவனிடத்தில் ஒரு நாள் ஆயிரம் ஆண்டுகளுக்குச் சமம். ஆதம் ஆயிரத்தை எட்டவில்லை. எனவே 'அந்நாளிலேயே' மரணித்தார் என்று விளக்கினர். அன்றே அவர் மரணத்திற்குரியவராகிவிட்டார் என்பது வேறு சிலரது விளக்கம். மிகப் பரவலாக நிலைத்த விளக்கமோ, அன்று இறந்தது உடலன்று, ஆன்மா என்பதாகும். ஆன்மா உடலைப் பிரிவது உடலின் மரணம். இறைவன் ஆன்மாவைப் பிரிவது ஆன்மாவின் மரணம் என அகஸ்தீன் வகுத்துரைத்தார். லூக்காவின் சுவிசேஷத்தில், வீட்டைவிட்டுச் சென்று திரும்பிய இளைய மகனை, இறந்து மீண்டவன் என்றே தந்தை குறிப்பிடுகிறார். அவன் உடலால் இறந்தவனல்லன்.

இத்தகைய வழக்கு நமக்கும் அந்நியமன்று. அல்குர்ஆனின் ஆறாம் அத்தியாயமாகிய அல்அன்ஆம் 122ஆம் வசனம், இறந்திருந்து உயிர்ப்பிக்கப்பட்டு ஒளி வழங்கப்பட்டவனைப் பற்றிப் பேசுகிறது. நேர்வழி பெற்றவனையே அது குறிக்கிறது என்பர் தஃப்ஸீர் அறிஞர்கள்.

இனி மீட்பு. ஞானஸ்நானம் முதலில் நீக்குவது ஆன்மாவின் மரணத்தையே. உடலின் மரணம் உயிர்த்தெழுதல் வரை எஞ்சியிருக்கும் என்பதே அவர்களது விடை. ஞானஸ்நானம் பெற்ற உடனேயே உடல் அழியாமை கிட்டுமாயின், காணாததை நம்பும் ஈமான் எனும் பண்பே வலுவிழந்துவிடும் என்பது அகஸ்தீனின் வாதம். மரணத்தை இறுதியாக அழிக்கப்படவிருக்கும் பகைவன் என்றே பவுல் குறிப்பிடுகிறார். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி நம் நாட்டின் தேவாலயங்களில் கொல்லப்பட்ட மக்கள், மரணம் தோற்கடிக்கப்பட்டதாகத் தாம் நம்பும் நாளைக் கொண்டாடவே அங்கு கூடியிருந்தனர். அயலவராகிய நாம் அந்நம்பிக்கையின் பொருளைக்கூட அறியாதிருப்பது அழகன்று.

கிறிஸ்தவர் யாவரும் இதில் ஒரே குரலில் பேசியவர்களும் அல்லர். ஆதம் பாவம் செய்யாதிருந்தாலும் மரணித்தே இருப்பார் என்ற கருத்தை 418இல் கார்த்தேஜில் கூடிய ஆயர் மன்றம் நிராகரித்தது. மக்களுக்கு ஆதமிடமிருந்து வந்தது குற்றமன்று, அழிவுறும் தன்மையே என்பது கிழக்குத் திருச்சபைகளின் போக்கு. 4ஆம் நூற்றாண்டின் அலெக்சாந்திரிய ஆயர் அதனாசியு, மீட்பை மரணத்தின் மீதான வெற்றியாகவே பெரிதும் விளக்கினார். மேற்கிலோ, 1098இல் அன்செல்ம் எழுதி முடித்த நூல், இறைவனுக்குச் செலுத்தவேண்டிய கடனை ஈடுசெய்தலாக அதனைக் கண்டது. ஒருவரது குற்றத்திற்கு மற்றொருவர் ஈடுசெய்வதா என நம் பேச்சாளர்கள் கேட்பது, பெரும்பாலும் இந்த மேற்கத்திய விளக்கத்தையே சென்று தொடுகிறது. இது பலருக்கும் தெரிவதில்லை.

அவ்வாறாயின் நமக்கும் அவர்களுக்குமிடையிலான உண்மையான வேறுபாடு எங்கே? ஈஸா (அலை) அவர்கள் சிலுவையில் கொல்லப்படவில்லை என்பது நமது நம்பிக்கை. எந்த ஆன்மாவும் பிறிதோர் ஆன்மாவின் சுமையைச் சுமக்காது என்பதும் அவ்வாறே. எனினும் வேர் இன்னும் ஆழத்தில் உள்ளது. ஆதம் (அலை) அவர்கள் தம் இரட்சகனிடமிருந்து சில வார்த்தைகளைக் கற்று தவ்பாச் செய்தார்கள். அது ஏற்கப்பட்டது என்கிறது சூரத்துல் பகரா. நம்மிடத்தில் மரணம் பரம்பரைத் தண்டனையன்று. வாழ்வைப் போன்றே சோதனைக்காகப் படைக்கப்பட்டது.

இஸ்தான்பூலின் கோரா ஆலயத்தில், இன்று காரியே பள்ளிவாசலாக உள்ள அக்கட்டடத்தில், 14ஆம் நூற்றாண்டுச் சுவரோவியம் ஒன்றுண்டு. இயேசு ஒரு கையால் ஆதமையும் மறு கையால் ஹவ்வாவையும் கல்லறைகளிலிருந்து இழுத்தெடுப்பதாக அது தீட்டப்பட்டுள்ளது. நாம் உருவப்படங்களை ஏற்பதில்லை என்பது வேறு விடயம். ஆதம் கைவிடப்படவில்லை என்பதில் அவ்வோவியம் தீட்டியவருக்கும் நமக்கும் கருத்து வேறுபாடில்லை. அவர் தமது மீட்புக்காகக் கல்லறையில் காத்திருக்க வேண்டியிருந்தது என்பர் அவர்கள். தவ்பா ஏற்கப்பட்ட அன்றே அது நிறைவெய்திவிட்டது என்போம் நாம்.