மெரினாவில் பறந்த டக்கோட்டா



ஆகாய விமானத்தை அண்ணாந்து பார்க்காத தோட்டத்துப் பிள்ளை உண்டோ? எங்கள் சுங்கை காடுட் பக்கத்தில் விமானச் சத்தம் கேட்டால் போதும், வகுப்பில் பாதிப் பேர் கணக்கை விட்டுவிட்டுச் சன்னலுக்கு ஓடுவார்கள். அவர்களை அதட்டுவது ஆசிரியர் கடமை. ஆனால் அதட்டுவதற்கு முன் நாமும் ஒருமுறை எட்டிப் பார்த்துவிடுகிறோம். அது வேறு விஷயம்.

அப்படிப்பட்ட நமக்கு, போர் விமானங்கள் கூட்டம் கூட்டமாகப் பறப்பதை ஒரே இடத்தில் காணும் வாய்ப்பு 2024ஆம் ஆண்டு சென்னையில் கிடைத்தது. நாம் அங்கே விமானம் பார்க்கப் போகவில்லை. நம் தகப்பனாரின் மூத்த சகோதரி, 82 வயது அத்தை, தம் தகப்பனார் கப்பலேறிய ஊரைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். விடுப்பு எடுத்துக்கொண்டு அவரை அழைத்துச் சென்றோம். நாமக்கல் பக்கத்து ஊரைப் பார்த்துவிட்டு, திரும்பும் வழியில் சென்னை திருவல்லிக்கேணியில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தோம். அந்த வீட்டுப் பிள்ளைகள் இருவர், "ஞாயிற்றுக்கிழமை மெரினாவில் ஏர் ஷோ, வாங்க மாமா" என்று பிடிவாதம் பிடித்தார்கள். "நானும் வர்றேன்" என்றார் அத்தை. வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

இந்திய ஆகாயப்படை 1932ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் தொடங்கப்பட்டது. அதன் 92ஆம் ஆண்டு விழாவை ஒட்டி, அக்டோபர் 6ஆம் நாள் காலை 11 மணி முதல் பகல் 1 மணி வரை மெரினா கடற்கரையில் இந்த வான் சாகசக் காட்சி நடந்தது. 72 விமானங்கள் கலந்துகொண்டன. நாங்கள் ஒன்பது மணிக்கே கிளம்பினோம். அதற்குள் கடற்கரைச் சாலை தெரியவில்லை, தலைகள்தாம் தெரிந்தன. பதினைந்து லட்சம் பேர் வந்திருந்ததாகப் பின்னர் சொன்னார்கள். சிரம்பான் பட்டணத்து மக்கள் எல்லாரையும் கொண்டுவந்து நிறுத்தினாலும் அந்தக் கூட்டத்தில் ஒரு மூலைக்குத்தான் வரும். எங்களிடம் இருந்தவை ஒரு குடை, இரண்டு தண்ணீர்ப் புட்டி.

ரஃபேல், சுகோய், தேஜஸ் என்று பிள்ளைகள் பேர் சொல்லிக்கொண்டே வந்தார்கள். விமானம் கண்ணுக்கு எட்டிய பிறகுதான் அதன் இடிமுழக்கம் காதுக்கு எட்டியது. ஒலி, காற்றில் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் செல்லும். ஜெட் விமானம் அதற்குக் கொஞ்சமே குறைவான வேகத்தில் வரும்போது, சத்தம் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருவதுபோல் தோன்றும். ஆசிரியர் புத்தி நம்மை விடவில்லை. அந்த நெரிசலிலும் பிள்ளைகளுக்கு இதை விளக்கிக்கொண்டிருந்தோம். அத்தை இரு காதுகளையும் பொத்திக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டார். ஜெட் விமானங்களை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

பிறகு வேறொரு சத்தம் வந்தது. இடியல்ல, ஒரே சீரான உறுமல். நம் தோட்டத்துப் பால் ஸ்டோரில் முன்னாளில் ஓடிய பழைய எஞ்சின் தூரத்திலிருந்து கேட்டால் எப்படியிருக்கும், அப்படி. அத்தை காதிலிருந்து கையை எடுத்தார். எழுந்து நின்றார். கடல் பக்கமிருந்து, இரண்டு எஞ்சின்களுடன், அவசரமே இல்லாமல் ஒரு பழைய விமானம் வந்தது.

அதுதான் டக்கோட்டா. நாம் படித்திருந்ததைப் பிள்ளைகளிடம் ஒப்பித்தோம். அமெரிக்காவின் டக்ளஸ் நிறுவனத்தார் வடிவமைத்த இந்த வகை விமானம் முதன்முதலில் பறந்தது 1935ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள். இரண்டாம் உலகப் போரின்போது பத்தாயிரத்துக்கு அருகே கட்டப்பட்டது. ஒவ்வொரு எஞ்சினிலும் 14 சிலிண்டர்கள் பூவிதழ்போல் வட்டமாக அமைந்திருக்கும். இருபத்தெட்டு போர்வீரர்கள் ஏறலாம், அல்லது இரண்டரை டன்னுக்கு மேல் சரக்கு ஏற்றலாம். மெரினாவில் பறந்த விமானம் அயர்லாந்தில் பழைய இரும்பாகப் போகவிருந்தது. அதை வாங்கி, இங்கிலாந்தில் பழுது பார்த்து, ராஜீவ் சந்திரசேகர் என்பவர் இந்திய ஆகாயப்படைக்கு அன்பளிப்பாகத் தந்தார். அவருடைய தகப்பனார் ஆகாயப்படையில் டக்கோட்டா ஓட்டியவர். 2018ஆம் ஆண்டு அது இந்தியா வந்து சேர்ந்தது. பரசுராமன் என்று பெயரிட்டார்கள். 1947 அக்டோபர் 27ஆம் நாள் ஸ்ரீநகருக்குப் படைவீரர்களைக் கொண்டுபோய் இறக்கிய டக்கோட்டாவின் எண்ணான வி.பி. 905 என்பதையே இதன் மீதும் எழுதியிருக்கிறார்கள். "இதுதான் காஷ்மீரைக் காத்த விமானம்" என்று முடித்தோம்.

அத்தை நம்மைத் திரும்பிப் பார்த்தார். "என்ன காஷ்மீரு? இது கத்துற ஏரோப்பிளானு, தம்பி. எங்க தோட்டத்து மேல வந்து கத்தும்" என்றார்.

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். பாட்டிக்கு வெயிலில் பிதற்றல் வந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டார்கள் போலும். நமக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தை சொன்னது முழுக்க முழுக்க உண்மை என்று நமக்குத் தெரியும்.

நேயர்களே, 1948 முதல் 1960 வரை மலாயாவில் அவசரகாலம் நிலவியதை நீங்கள் அறிவீர்கள். காட்டுக்குள் கம்யூனிஸ்டுப் போராளிகள், வெளியே அரசாங்கப் படைகள், இரண்டுக்கும் நடுவில் தோட்டத்து லயங்கள். அந்நாளில் டக்கோட்டாவின் அடிப்பாகத்தில் ஒலிபெருக்கிகளைக் கட்டி, காட்டின் மேல் வட்டமிட்டு, சரணடையுமாறு பேசச் செய்தார்கள். பேச்சு பெரும்பாலும் சீன மொழிகளில் இருக்கும். கோடிக்கணக்கில் துண்டுப் பிரசுரங்களும் போட்டார்கள். வலெட்டா என்ற புதிய வகை விமானத்திலும் ஒலிபெருக்கி வைத்துப் பார்த்தார்கள். அதன் எஞ்சின் இரைச்சலில் பேச்சு அமுங்கிப்போயிற்று. ஆகவே பழைய டக்கோட்டாவே இந்த வேலைக்கு ஏற்றதென்று முடிவாயிற்று. அந்தச் சத்தம் மெதுவானது என்பதை எழுபது ஆண்டுகள் கழித்து மெரினாவில் நம் காதே கேட்டது.

டக்கோட்டாவின் இன்னொரு வேலை, காட்டில் இருக்கும் படைவீரர்களுக்கு உணவு போடுவது. கோலாலம்பூர் சுங்கை பெசி விமானத்தளத்திலிருந்து சுமையேற்றிக்கொண்டு புறப்படுவார்கள். காட்டில் மரங்களை வெட்டி இடம் ஒதுக்கிய வீரர்கள் புகை காட்டுவார்கள். விமானம் மலைகளுக்கு நடுவே தாழப் பறக்க, திறந்த கதவருகே நிற்பவர்கள் மூட்டைகளைப் பாராசூட்டுடன் தள்ளிவிடுவார்கள். ஆங்கிலேயர் மட்டுமன்றி ஆஸ்திரேலியர், நியூசிலாந்துக்காரர்களும் இந்த வேலை செய்தார்கள். உயிரைப் பணயம் வைத்த வேலை அது. 1950 ஆகஸ்டில் கிளந்தான் காட்டில் ஒரு டக்கோட்டா விழுந்து 12 பேர் மாண்டார்கள். அவர்களுடைய எச்சங்கள் 2012ஆம் ஆண்டில்தான் கோலாலம்பூர் செராஸ் சாலைக் கல்லறையில் முறைப்படி அடக்கம் செய்யப்பட்டன.

இவையெல்லாம் நூல்களில் உள்ளவை. நூலில் நாம் காணாத ஒன்றை அத்தை சொன்னார். அந்த மணலிலேயே உட்கார்ந்து, டக்கோட்டா கண்ணிலிருந்து மறைந்த பிறகு சொன்னார்.

அவருக்குப் பத்து வயதிருக்கும்போது லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டுவிட்டார்கள். 1951ஆம் ஆண்டு முதல் உணவுக் கட்டுப்பாடு கடுமையாகிவிட்டது. அரிசிக்கு அளவு. கடைக்காரர் டின் சாமான் விற்றால் டின்னில் ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும், காட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்து வைக்க முடியாதபடி. பால்மரம் சீவப் போகிறவர்கள் வேலியைத் தாண்டி உணவு கொண்டுபோகக் கூடாது. வாசலில் சோதனை. பால் வாளியைக்கூட உள்ளே கைவிட்டுப் பார்ப்பார்களாம். ஒருநாள் தாத்தாவுக்குக் காய்ச்சல். வெறும் வயிற்றோடு பெரட்டுக்குப் போய்விட்டார். பாட்டி ஒரு பிடி சோற்றைத் துணியில் முடிந்து, அத்தையின் பாவாடைக்குள் செருகி அனுப்பினார். சின்னப் பிள்ளையைச் சோதிக்கமாட்டார்கள் என்று நினைப்பு. சோதித்தார்கள். முடிச்சை அவிழ்த்துச் சோற்றைத் தரையில் கொட்டினார்கள். பாட்டியை விசாரணைக்குக் கூட்டிப்போய் மறுநாள் மாலைதான் அனுப்பினார்கள்.

"சோத்தக் கொட்டினதுகூடப் பரவாயில்ல தம்பி. மேல இந்தச் சத்தம் போய்க்கிட்டே இருந்திச்சு. அதுல மூட்டை மூட்டையா அரிசி போவுதுன்னு எங்கப்பா சொல்லுவாரு" என்றார் அத்தை.

சோறு கொட்டப்பட்ட அன்றைக்கேதான் விமானம் பறந்ததா என்று கேட்டோம். தெரியாது என்றார். இரண்டும் அவர் நினைவில் ஒன்றாகக் கலந்துவிட்டன. வரலாறு படித்த நாம் அவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. பிரிக்க மனம் வரவில்லை. காட்டுக்குள் இருந்த வீரனும் பசித்தவன்தான், அவனுக்கு அரிசி போட்டதில் குற்றம் காண்பதற்கில்லை. ஆனால் அந்த விமானத்தின் பெருமை பேசப்படும் இடங்களில், அதன் கீழே வேலிக்குள் நின்ற பத்து வயதுப் பெண்ணும் கொஞ்சம் பேசப்பட்டிருக்கலாம். காஷ்மீர்க் கதையை அத்தனை சுருதியோடு சொன்ன நாமே அவரிடம் அதுவரை ஒன்றும் கேட்டதில்லை. ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள் நாங்கள்.

பன்னிரண்டு மணி தாண்டியது. உச்சி வெயில். தண்ணீர்ப் புட்டிகள் இரண்டும் காலி. விற்பவரும் கண்ணில் படவில்லை. அத்தையின் முகம் வெளுத்தது, கை சில்லிட்டது, "தலை சுத்துது" என்றார். பக்கத்தில் இருந்த ஒரு குடும்பத்தினர், ஊர் பேர் கேட்காமலே தங்கள் துணிக்குடையை அவர் மேல் பிடித்து, புட்டியில் இருந்த மோரைப் பாதிக்குமேல் கொடுத்துவிட்டார்கள். சூரியகிரண் குழுவினரின் சாகசத்தைப் பார்க்க வேண்டும் என்று பிள்ளைகள் அழுதார்கள். அதற்கெல்லாம் காத்திருக்காமல் கிளம்பினோம். பதினைந்து நிமிடத்தில் வந்த வழியைத் திரும்பிக் கடக்க ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. எதிர்வந்த இளைஞர்கள் அத்தையைக் கண்டு வழி விட்டார்கள், சில இடங்களில் கைத்தாங்கலாகவும் பிடித்தார்கள். சிந்தாதிரிப்பேட்டை, கலங்கரை விளக்கம் போன்ற ரயில் நிலையங்களில் நிற்க இடமில்லை என்று பிறகு கேள்விப்பட்டோம்.

மாலையில் அத்தைக்கு உப்புப் போட்ட கஞ்சி கொடுத்துப் படுக்க வைத்தோம். அன்றிரவு தொலைக்காட்சிச் செய்தியில் சொன்னார்கள்: காட்சிக்கு வந்தவர்களில் ஐவர் உயிரிழந்துவிட்டார்கள், நூற்றுக்கு மேற்பட்டோர் மருத்துவமனைகளில். வெயிலின் கொடுமை என்றார்கள். விமானங்கள் ஒன்றுக்கும் ஒரு கீறல் இல்லை; தரையில் நின்று பார்த்தவர்கள்தாம் செத்தார்கள். அத்தை தூங்கிக்கொண்டிருந்தார். நாம் இரண்டு மூன்று முறை எழுந்துபோய் அவருடைய மூச்சைப் பார்த்துவிட்டு வந்தோம்.

ஆகவே நேயர்களுக்கு இதைச் சொல்லிவிட வேண்டும். நம் நாட்டில் லங்காவியில் 1991 முதல் வான், கடல் கண்காட்சி நடந்து வருகிறது. தேசிய தின அணிவகுப்பிலும் விமானங்கள் பறப்பதுண்டு. போவதானால் ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீராவது கையில் இருக்கட்டும். அங்கே வாங்கிக்கொள்ளலாம் என்று நம்பிவிட வேண்டாம். கைக்குழந்தைக்கும் முதியவருக்கும் காதில் பஞ்சு வையுங்கள். கூட்டத்தின் நடுவே நிற்காமல், வெளியேறும் வழிக்குப் பக்கத்தில் நில்லுங்கள். காட்சி கொஞ்சம் குறைவாகத் தெரிந்தால் தெரியட்டும். ஒருவருக்கு வியர்வை நின்று உடல் கொதித்தாலோ, பேச்சு குழறினாலோ காத்திருக்காதீர்கள். நிழலுக்குக் கொண்டுபோய் ஈரத்துணியால் உடம்பைத் துடைத்து, மருத்துவ உதவியை அழையுங்கள். நாம் இவற்றில் ஒன்றைக்கூடச் செய்யவில்லை. நம்மைக் காப்பாற்றியது பேர் தெரியாதவர்களின் மோர்.

மூன்றாம் நாள் கோலாலம்பூருக்கு விமானம் ஏறினோம். சாப்பாட்டுத் தட்டு வந்தபோது அத்தை மூடியைத் திறந்து, சோற்றை ஒருமுறை பார்த்துவிட்டுச் சன்னலுக்கு வெளியே மேகத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பருக்கை மீதி வைக்கவில்லை.

பள்ளி திரும்பியதும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தோம்: வீட்டில் மூத்தவர்கள் யாராவது விமானத்தைப் பற்றி நினைவு வைத்திருந்தால் கேட்டு எழுதி வாருங்கள் என்று. ஆங்கிலேய ஆகாயப்படையின் ஸ்பிட்ஃபயர் விமானம் கடைசியாகப் போர்ப்பணிக்குப் பறந்தது 1954 ஏப்ரல் 1ஆம் நாள், சிங்கப்பூர் செலித்தாரிலிருந்து நம் ஜொகூர்க் காடுகளைப் படம் பிடிக்கத்தான் என்பதையும் அவர்களுக்குச் சொல்லி வைத்தோம். முப்பத்தொரு பேரில் ஒன்பது பேர் எழுதி வந்தார்கள். பலரும் முதல் விமானப் பயணத்தைப் பற்றித்தான் எழுதியிருந்தார்கள். ஒரு பையன் மட்டும், தன் கொள்ளுத்தாத்தா வானத்திலிருந்து விழுந்த நோட்டீசுகளைப் பொறுக்கி வந்து, எழுதாத பக்கத்தில் பெரட்டுக் கணக்கு எழுதினாராம் என்று நாலு வரி எழுதியிருந்தான். அந்தத் தாள் ஏதாவது வீட்டில் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறோம். பாட்டியின் தகரப் பெட்டியில் தேடிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறான்.